சைக்கிளை நிறுத்தினால் தெரியும் வடசென்னை: பூவும் பறவையும் அடையாளம் காண ஒரு வழிகாட்டி

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூருக்கு மிதித்துக்கொண்டிருந்தபோது பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு டயரைத் தடவினேன். விரலில் நறுக்கென்று குத்தியது ஒரு நெருஞ்சி முள். எங்கே ஏறியது என்று கீழே பார்த்தால், சாலையோர மண் முழுக்கத் தரையோடு தரையாகப் படர்ந்து, ஐந்தைந்து இதழோடு மஞ்சள் பூக்கள். எத்தனையோ வருடமாகப் போய்வந்த பாதை அது. அந்தப் பூக்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வடசென்னை என்றால் புகையும் கண்டெய்னர் லாரியும்தான் என்று ஊரே சொல்கிறது. அதில் பொய்யும் இல்லை. ஆனால் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகமும் இங்கேதான் இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய், ரெட்டேரி, மாதவரம் ஏரி, புழல் ஏரி, காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நீளும் கடற்கரை எல்லாம் சைக்கிள் எட்டும் தூரத்தில் கிடக்கின்றன. பேருந்திலும் பைக்கிலும் போனால் இவை வெறும் பச்சையாகக் கடந்துபோய்விடும். சைக்கிளில்தான் ஒரு காலைத் தரையில் ஊன்றினால் போதும், அந்த இடத்திலேயே நிற்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது, "இத்தனை செடி, இத்தனை பறவை, எப்படிப் பெயர் ஞாபகம் வைப்பது?" என்றுதான். நான் பழகிக்கொண்ட வழி ஒன்றே ஒன்று. பூவைப் பார்ப்பதற்கு முன்னால் அது நிற்கிற மண்ணைப் பாருங்கள். கடல் மணலா, உப்புச் சேறா, ஏரித் தண்ணீரா, இடிபாட்டு மண்ணா என்று தெரிந்துவிட்டால் யோசிக்கவேண்டிய பெயர்கள் ஐந்தாறாகச் சுருங்கிவிடும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த ஒன்றைப் பழகுவதற்காகத்தான்.

முதலில்: எப்போது, எந்தப் பாதை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓயும். அதற்குப் பிறகு மாசி வரைக்கும்தான் நல்ல காலம். சாலையோரம் பூத்துக் கிடக்கும், வலசைப் பறவைகளும் வந்திருக்கும், வெயிலும் தாங்கும். சித்திரை, வைகாசியில் போகக்கூடாது என்றில்லை. எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்குச் சற்று முன்னால் கிளம்புங்கள். வார நாட்களில் மணலி, எண்ணூர் பக்கத்துச் சாலைகளில் துறைமுக லாரிகள் வரிசைகட்டி நிற்கும். புதியவர்கள் அந்த நெரிசலில் சைக்கிள் ஓட்டவே கூடாது. ஞாயிறு காலையிலும் லாரி வரும். எனவே முன்னும் பின்னும் விளக்கு, தலைக்கவசம், வெளிர்நிறச் சட்டை கட்டாயம். நிற்க நினைத்தால் முதலில் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பாருங்கள், பிறகு கையைக் காட்டுங்கள், தார்ச்சாலையை விட்டு முழுதாக இறங்கிய பிறகு பூவைப் பாருங்கள். ஓட்டிக்கொண்டே மேலே பருந்தைப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

தொடக்கத்துக்கு இரண்டு பாதைகள் போதும். ஒன்று கடலோரம்: காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் வழியாக நெட்டுக்குப்பம் முகத்துவாரம் வரை. இன்னொன்று ஏரிப் பக்கம்: கொளத்தூர் ரெட்டேரியில் தொடங்கி மாதவரம் வழியாகப் புழல். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். ஒரு காலையில் பத்து இடத்தில் நின்றால் அதுவே நிறைவு.

பையில் இருக்கவேண்டியவை: இரண்டு பாட்டில் தண்ணீர், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, சின்ன நோட்டு, பென்சில், போன். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லையென்று யாரும் தள்ளிப்போட வேண்டாம். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தும்பைப் பூவை அதில் ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகமாட்டார்கள்.

இரண்டாவது: ஒரே ஒரு எருக்கில் பதினைந்து நிமிடம்

பழக்கத்தை எருக்கில் தொடங்குங்கள். ரயில் பாதை ஓரம், காலி மனை, கடற்கரை என்று வடசென்னையில் எருக்கு இல்லாத இடம் கிடையாது. பெயர் எல்லோருக்கும் தெரியும். எனவே பெயரை விட்டுவிட்டுச் செடியை மட்டும் பார்க்கப் பழகலாம்.

நான் பார்க்கும் வரிசை இது. செடி எவ்வளவு உயரம், தரையில் படர்கிறதா, புதரா, கொடியா? இலைகள் தண்டில் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறிமாறியா? எருக்கில் எதிரெதிர், இலைமேல் மாவு பூசியது போல வெண்மை. பிறகு பூ: எத்தனை இதழ், தனித்தனியா ஒட்டியா, நடுவில் என்ன? எருக்கம்பூவில் ஐந்து இதழும் நடுவில் ஒரு சின்னக் கிரீடமும் இருக்கும். நிறத்தைக் கடைசியில் எழுதுங்கள். ஒரே இனத்து எருக்கு ஊதாவிலும் பூக்கும், வெள்ளையிலும் பூக்கும். நிறத்தை மட்டும் நம்பினவர்கள்தான் அதிகமாக ஏமாறுகிறார்கள். அடுத்து காய். கடைசியாக, உடைந்த இடத்தில் பால் வருகிறதா என்பது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. நீங்களாக ஒடிக்க வேண்டாம், ஆடு கடித்த இடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது குனிந்து இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டையோடு ஒரு புழு மேய்ந்துகொண்டிருக்கலாம். அதன் முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்புகள் இருந்தால் அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. நச்சுப்பால் இருக்கும் எருக்கையே தின்று வளர்வதால் அதன் உடம்பிலும் நஞ்சு சேர்ந்துவிடும். ஒருமுறை தின்று பார்த்த பறவை மறுபடி தொடாது. சுற்றிப் பறக்கும் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகள்தான் வளர்ந்த வெந்தய வரியன்கள். ஆனால் இந்த நஞ்சின் பெயரைச் சொல்லிப் பிழைக்கும் வேடதாரி ஒன்றும் உண்டு. அந்த இனத்தின் பெண் பூச்சி, நஞ்சே இல்லாமல், வெந்தய வரியனைப் போலவே நிறம் பூசிக்கொண்டு திரியும். பின்னிறக்கையின் நடுவில் கரும்புள்ளிகள் இருந்தால் அசல். நடுப்பகுதி வெறுமையாக இருந்தால் வேடதாரி. அதே செடியில் நீலமும் மஞ்சளுமாகக் கோடு போட்ட தடித்த வெட்டுக்கிளியும் உட்கார்ந்திருக்கக்கூடும். அதுவும் எருக்கு தின்பதுதான்.

திருவொற்றியூர் ரயில் பாதை ஓரத்தில் ஒரு எருக்கில் பச்சைக் கூட்டுப்புழு ஒன்றைப் பார்த்தேன். சுண்டுவிரல் நுனி அளவு. அதன் மேல் பொன் ஊசியால் குத்தியது போலப் பளபளக்கும் புள்ளிகள். பக்கத்தில் சரக்கு ரயில் போனபோது செடியே நடுங்கியது, கூடு மட்டும் தொங்கியபடி ஆடி நின்றது. செடியைத் தெரிந்துகொண்டால் பூச்சியும் கூடவே தெரிந்துவிடும் என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

மூன்றாவது: மண்ணைப் படிப்பது

*கடல் மணல்.* எண்ணூர்ப் பக்கத்துக் கடற்கரையில் மணலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடும் கொடி அடப்பங்கொடி. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துக்கு வரும் அடும்பு இதுவேதான். இலை நடுவில் பிளந்து ஆட்டுக் குளம்பு போல இருக்கும், பூ ஊதா கலந்த இளஞ்சிவப்புப் புனல். காலையில் விரிந்து வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். அதனால் பத்து மணிக்குப் போனவர் "பூவே இல்லை" என்பார். பக்கத்திலேயே ஊசிப்புல் போல விறைத்து நிற்பது ராவணன் மீசை. அதன் உருண்டையான காய்க்கொத்து காற்றில் உருண்டுகொண்டே போய் விதை தூவும். காலில் குத்தும், செருப்பில்லாமல் இறங்காதீர்கள். மணலில் ஒழுங்கான ஓட்டைகள் தெரிந்தால் அது நண்டு வளை. ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் ஆள் வெளியே வரும்.

தை முதல் பங்குனி வரை இரவில் பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு ஏறும். காலையில் மணலில் டிராக்டர் ஓடியது போலத் தடம் தெரிந்தால் ஆமை வந்துபோயிருக்கிறது என்று பொருள். தடத்தை மிதிக்காதீர்கள், முட்டைக் குழியைத் தோண்டிப் பார்க்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையெங்கும் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. ஒதுங்கிய ஆமையைப் பார்த்தாலும் இடம், நாள், நேரம் எழுதி வையுங்கள். அதுவும் பதிவுதான்.

*உப்புச் சேறு.* எண்ணூர்க் கழியோரம் நிற்கும்போது முதலில் கண்ணில் படுவது அலையாத்தி. சுற்றிலும் சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்தது போல நூற்றுக்கணக்கான குச்சிகள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அவை செடிகள் அல்ல, அதே மரத்தின் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேர் வெளியே வந்து மூச்சு வாங்குகிறது. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளிறியிருக்கும். வெயில் ஏறிய பிறகு இலைமேல் மினுமினுக்கும் பொடி, மரம் வெளியே தள்ளிய உப்பு. விரலால் தொட்டுப் பாருங்கள். நாக்கில் வைக்க வேண்டாம், இந்தத் தண்ணீரில் எல்லாமே கலந்திருக்கிறது.

அலையாத்திக்கு வெளியே, தடித்த, உருண்டையான, நீர் நிரம்பிய குட்டி இலைகளோடு தரையை மூடியிருப்பது உமரி. கோடையில் சிவந்துபோகும். அதோடு கலந்து சிவந்த தண்டும் தடித்த இலையுமாகப் படர்ந்து, நட்சத்திரம் போன்ற இளஞ்சிவப்புப் பூ விடுவது செசுவியம். இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். பூ கண்ணுக்குத் தெரிந்தால் செசுவியம், பூவே தெரியாத அளவு பொடியாக இருந்தால் உமரி.

இந்த உமரியின் பெயரை நான் எந்தச் செயலியிலும் கற்றுக்கொள்ளவில்லை. கழியோரம் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு ஆயா பின்னாலிருந்து கேட்டார்.

"இன்னா கண்ணு, பூண்டப் போயி போட்டோ புடிக்கிற?"

"இது இன்னா செடி, ஆயா?"

"உமரிதான். நாங்க சின்னப் புள்ளைங்களா இருக்கசொல்ல ஆய்ஞ்சி கொழம்பு வெப்பாங்க. உப்பே போட வாணாம், அதுலயே கீது. இப்ப யாரு பறிக்கிறா? சாம்பத் தண்ணி வந்து எல்லாம் பாழாப் பூட்ச்சு."

சாம்பத் தண்ணி என்று ஆயா சொன்னது அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த தண்ணீரை. ஒரு பெயரைக் கேட்டதற்கு அந்தச் செடியின் சுவையும் அதன் இன்றைய நிலையும் சேர்ந்து கிடைத்தன. அதிலிருந்து நான் எங்கே நின்றாலும் பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்கிறேன். வலை பிரிக்கும் அண்ணன்கள், ஆடு மேய்க்கும் பெரியவர்கள், கீரை பறிக்கும் அக்காக்கள் சொல்லும் பெயரை அப்படியே, அவர்கள் உச்சரித்தபடியே எழுதுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். மாறுவதையும் சேர்த்து எழுதுங்கள்.

*ஏரித் தண்ணீர்.* ரெட்டேரியில் நின்றால் ஊதாப் பூவோடு தண்ணீரை மூடிக் கிடக்கும் செடியை எல்லோரும் ஆகாயத்தாமரை என்பார்கள், செய்தித்தாளிலும் அப்படித்தான் வரும். இலைக்காம்பைப் பாருங்கள். வெங்காயம் போல உப்பியிருந்தால் அது வெங்காயத் தாமரை. பூவின் மேல் இதழில் மயில் இறகுக் கண் போல ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். காம்பே இல்லாமல், முட்டைக்கோஸ் பிரித்துவைத்தது போல மிதந்தால்தான் ஆகாயத்தாமரை. வெங்காயத் தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. பூ அழகுதான், ஆனால் தண்ணீரின் மூச்சை அடைத்துவிடும். கரையோரம் ஆளுயரத்துக்குப் புதராக நின்று, அகன்ற இளஞ்சிவப்புப் புனல் பூக்களோடு தலையாட்டுவது நெய்வேலிக் காட்டாமணக்கு. இதுவும் வெளியூர்தான். ஆடு மாடு தின்றால் நோய் வரும்.

*இடிபாட்டு மண், சாலையோரம்.* புதியவர்கள் அதிக நேரம் செலவிடவேண்டிய இடம் இதுதான். வீட்டு வாசலிலேயே இருக்கிறது, ஆபத்தில்லாமல் உட்கார்ந்து பார்க்கலாம். மஞ்சள் பூக்களில்தான் குழப்பம் அதிகம் வரும்.

ஐந்து இதழ், தரையோடு படர்ந்த சிற்றிலை, முள்ளுக்காய் என்றால் நெருஞ்சி. அதன் காய் ஐந்தாகப் பிரியும், ஒவ்வொரு துண்டும் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே நிற்கும். சைக்கிள்காரர்கள் இதை மறக்கமாட்டார்கள். நிமிர்ந்த செடி, குழல் போன்ற மஞ்சள் பூ, நான்கு மூலையிலும் முள் வைத்த காய் என்றால் யானை நெருஞ்சி. சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: சின்னத் தண்டு ஒன்றைத் தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். யானை நெருஞ்சியாக இருந்தால் நிமிடத்தில் தண்ணீர் வெண்டைக்காய் போல வழவழத்துக் கெட்டியாகிவிடும். முதன்முதலில் பார்த்தபோது நான் பாட்டிலைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், சோதனைக்கு வேறு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை நரம்போடிய முள் இலையும் காகிதம் போன்ற மஞ்சள் பூவும் இருந்தால் பிரம்மதண்டு. உடைந்த இடத்தில் மஞ்சள் பால் வரும். இதன் விதை கடுகு போலவே இருக்கும். கடுகெண்ணெயில் இதன் எண்ணெய் கலந்ததால் 1998ல் தில்லியில் பலர் இறந்தார்கள். மஞ்சள் பூ மாலையில்தான் விரிகிறது, இலை இதய வடிவில் மெத்தென்று இருக்கிறது என்றால் துத்தி. புதராக, கொத்துக் கொத்தாகப் பூத்து, இலைக்காம்பின் அடியில் காது மடல் போன்ற செதில் வைத்திருந்தால் ஆவாரை. அந்தக் காதுதான் ஆவாரையைத் தகரையிலிருந்தும் பேயாவிரையிலிருந்தும் பிரித்துக் காட்டும் அடையாளம்.

வெள்ளையில் தும்பையும் கிணற்றடிப்பூண்டும் எங்கும் உண்டு. தும்பைப் பூ உதடு நீட்டியது போல இருக்கும், கொத்தில் எறும்பு மொய்க்கும். கிணற்றடிப்பூண்டில் நீண்ட காம்பின் நுனியில் ஒரே தலை, நடுவில் மஞ்சள், சுற்றிலும் பல்லுப்பல்லாக வெள்ளை. வெளிர்நீலப் பூ வெட்கப்பட்டது போலத் தலைகவிழ்ந்து தொங்கினால் கவிழ்தும்பை. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபூளையையும் இந்த மண்ணில்தான் தேடவேண்டும். சந்தையில் கட்டாக வாங்கியவர்கள் அது வேரோடு நிற்பதை ஒருமுறையாவது பாருங்கள்.

நான்காவது: பறவை பறந்துவிடும் முன்னே

பூ நிற்கும், பறவை நிற்காது. அதனால் பார்க்கும் வரிசையும் வேறு. காக்கையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: காக்கையைவிடப் பெரிதா, சிறிதா? அடுத்து அலகு, கால், பிறகு வால். என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் முக்கியம். நோட்டை அப்போதே எடுக்காதீர்கள். பார்க்க முடிகிறவரை பாருங்கள், பறந்த பிறகு எழுதுங்கள்.

காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் தலைக்கு மேலே வட்டமிடுபவை இரண்டு வகைப் பருந்துகள். உடம்பு முழுக்கப் பழுப்பு, வால் நுனி லேசாகப் பிளந்திருந்தால் கள்ளப்பருந்து. தலையும் மார்பும் வெள்ளை, உடம்பு செங்கல் நிறம், வால் வட்டமாக இருந்தால் செம்பருந்து. செம்பருந்தின் குஞ்சு வளரும் பருவத்தில் பழுப்பாகவே இருக்கும். எனவே வாலைத்தான் நம்பவேண்டும்.

வெள்ளைக் கொக்குகளில் எல்லோருக்கும் தலை சுற்றும். கறுத்த அலகு, கறுத்த கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள் செருப்பு போட்டது போல என்றால் சின்னக் கொக்கு. மஞ்சள் அலகோடு மாட்டின் பின்னாலேயே நடந்தால் உண்ணிக்கொக்கு. ஆளை மிரட்டும் உயரம், நீண்டு வளைந்த கழுத்து என்றால் பெரிய கொக்கு. மடையான் வேறு கதை. சேற்றில் குந்தியிருக்கும்போது மண்ணோடு மண்ணாகக் கண்ணுக்கே தெரியாது, எழும்பிப் பறந்தால் முழு வெள்ளை இறக்கை. எண்ணூர்க் கழியில் முதல்முறை என் காலடியிலிருந்து ஒன்று எழும்பியபோது சேறே வெள்ளையாக வெடித்தது போல இருந்தது.

ஏரியில் கறுத்த உடம்போடு நீந்தும் பறவைக்கு நெற்றியில் வெள்ளை நாமம் இருந்தால் நாமக்கோழி. சிவப்பு நெற்றி, மஞ்சள் நுனி அலகு என்றால் தாழைக்கோழி. கண்முன்னே முங்கி வேறெங்கோ தலை தூக்கும் குட்டிப் பறவை முக்குளிப்பான். தண்ணீர் இலைகளின் மேல் நடந்துபோனால் இலைக்கோழி. மீன்கொத்திகளில் கரண்ட் கம்பியில், தண்ணீரே இல்லாத இடத்திலும் உட்கார்ந்திருப்பது வெண்மார்பு மீன்கொத்தி. கழிக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று செங்குத்தாகப் பாய்வது கறுப்பு வெள்ளை மீன்கொத்தி.

கழிமுகத்தில் கூழைக்கடாவைத் தவறவிடமாட்டீர்கள். பை தொங்கும் அலகோடு படகு போல மிதக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இந்தக் கழியில் கலந்தபோது, கூழைக்கடாக்களின் வெள்ளை இறகில் கறுப்பு அப்பிக்கிடந்தது. அதனால் இங்கே பறவையைப் பார்த்தால் எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். இறகு சுத்தமாக இருக்கிறதா, நொண்டுகிறதா, மீன் பிடிக்கிறதா என்றும் ஒரு வரி எழுதுங்கள். குளிர்காலத்தில் மெல்லிய சிவந்த கால்களில் நடக்கும் நெடுங்கால் உள்ளான்கள், ஆலாக்கள், கடற்காகங்கள் வந்து சேரும். பூநாரைக் கூட்டம் பார்க்க வேண்டுமென்றால் பழவேற்காடு வரைக்கும் போகவேண்டும். புதியவர்கள் அதை சைக்கிளில் முயல வேண்டாம், நாலைந்து மாதம் பழகிய பிறகு போகலாம்.

ஒரு எச்சரிக்கை. பங்குனி தொடங்கினால் காலி மனைகளில் ஆள்காட்டி உங்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றும். பக்கத்தில் எங்கோ வெறும் தரையில் முட்டை இருக்கிறது என்று பொருள். முட்டை கூழாங்கல் போலவே புள்ளி போட்டிருக்கும், தேடப் போனால் மிதித்துவிடுவீர்கள். வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள்.

ஐந்தாவது: பாம்பு, நாய், காவல்

புதரில் கையை விடாதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள். சாரைப்பாம்பு ஏரிக்கரையில் அடிக்கடி குறுக்கே போகும், தானாகப் போய்விடும். பாம்பு கடித்தால் எந்தப் பாம்பு என்று தேடாதீர்கள், கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108க்கு அழையுங்கள். வடசென்னைக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம். நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து மெதுவாக நடங்கள். துறைமுகம், அனல்மின் நிலையம் பக்கம் கேமரா எடுத்தால் காவலர் வருவார். நோட்டைக் காட்டி, பூ பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அங்கே எடுக்காதீர்கள். புழல் ஏரி குடிநீர் ஏரி. தடுத்த இடத்தில் ஏறாதீர்கள்.

ஆறாவது: வீட்டுக்கு வந்து

ஒரு செடிக்கு நாலு படம் வேண்டும்: முழுச்செடி, இலை இணையும் இடம், பூவின் முகம், பூவின் முதுகு. பலரும் முகத்தை மட்டும் எடுத்துவிட்டு வந்து தவிக்கிறார்கள். இவற்றை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் அது ஒரு பெயர் சொல்லும். அதை யூகமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே முளைக்கவே வழியில்லாத வெளிநாட்டுச் செடியை அது சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். மற்றவர்களும் பார்த்து அதே பெயரை ஒத்துக்கொண்ட பிறகு நம்பலாம். பறவைக்கு மெர்லின், பட்டியல் போட ஈபேர்ட். இரண்டும் இலவசம். கூட்டின் படத்தைப் பொதுவில் போடாதீர்கள்.

நோட்டில் எழுதும் வரி இப்படி இருக்கட்டும்: "தை முதல் ஞாயிறு, 6.50, எர்ணாவூர்ப் பாலம், தண்ணீர் வற்றம், உமரி சிவக்கத் தொடங்கியிருக்கிறது, சின்னக் கொக்கு 11, கூழைக்கடா 3, இறகு சுத்தம்." பெயர் தெரியாததற்குப் பெயர் போடாமல் "மஞ்சள் பூ, எதிரிலை, பால் உண்டு" என்று வையுங்கள். ஆறு மாதம் கழித்து வேறெங்கோ அதே செடியைக் காய்த்த நிலையில் பார்க்கும்போது பெயர் தானாக வந்துவிடும். எனக்குக் கவிழ்தும்பை அப்படித்தான் வந்தது.

தமிழகமெங்கும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததைப் பதிவதுதான் வேலை, புதியவர்களும் சேரலாம். அதுவரைக்கும் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அங்கே போய் நில்லுங்கள். என்னுடைய இடம் அந்தப் பஞ்சரான சாலையோரம். போன மாதம் அங்கே நெருஞ்சி காய்ந்து கிடந்தது, அதன் நடுவில் ஒரு எருக்கங்கன்று இரண்டு இலை விட்டிருந்தது. புழு இன்னும் வரவில்லை.